திருமதி சரோஜாவுக்கு நீ அனுப்பிய பதில்

தினேஷ்,

"மதிப்பிற்குரிய திருமதி சரோஜா அவர்களே" என்று தொடங்கி நீ அனுப்பிய பதில் வந்து சேர்ந்தது. உன் அம்மா இல்லாத வீட்டில் அவள் பெயருக்கு வந்ததை நான்தான் படிக்க வேண்டியிருந்தது. தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, எங்கள் கோழியின் செய்முறையில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை, அதே சுவை, அதே தரம், தொடர்ந்து ஆதரவு தாருங்கள் என்று இருந்தது. கீழே உன் பெயர், அதற்குக் கீழே உன் பதவி. எங்கள் கம்பெனியில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும் என்று நீ பெருமையாகச் சொன்னாய். அந்த ஒன்று உண்மைதான் என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

பயப்படாதே, எனக்குப் புத்தி பிசகிவிடவில்லை. உன் அம்மா உயிரோடு இருந்தபோது, பெயர் கொடுத்தால் ஒரு கோழித்துண்டு இலவசம் என்றார்கள் என்று சிவப்பு போர்டு கோழிக்கடையின் செயலியில் அவள் பெயரைப் பதிந்து கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது வேறு வேலையில் இருந்தாய், கடையும் இந்தக் கம்பெனி கைக்கு வந்திருக்கவில்லை. அந்தப் போனைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன். "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. அதை அழுத்தி, "கோழி பொரிக்கிற மாவு மாறிவிட்டதா இல்லையா, சுற்றி வளைக்காமல் சொல்லவும்" என்று எழுதினேன். அது அவள் பெயரில் போய் நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேன்.

இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்கிறாய். மீட்டிங் இல்லாத நேரத்தில் "ஒன்னும் இல்லப்பா, எல்லாம் ஓக்கே" என்கிறாய். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இது என் மனதிலிருந்து இறங்க வேண்டும். இதை யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஷாலினியிடம் காட்டு. உன் ஆபீஸ் சுவரில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நீ அடிக்கடி சொல்வாய். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போது நீ உன் அம்மாவின் இடுப்பில் இருந்தாய். கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு நாள் காலை எங்களை எல்லாம் பிரட்டுக் களத்தில் கூட்டி நிறுத்தினார்கள். ஆள் கணக்கு எடுக்கிற இடம் அது, அன்றைக்கு யாரும் கணக்கு எடுக்கவில்லை. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, "தோட்டம் கைமாறுது. பேரு மட்டுந்தான் மாறும். வேற ஒன்னும் மாறாது" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். உன் அம்மா மட்டும் உன்னை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "ஒன்னும் மாறாதுன்னா, எதுக்குங்கய்யா எங்கள வேலையில்லாம நிறுத்தி வெச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. கிராணி சிரிக்கவில்லை. பிறகு பால்மரம் சாய்ந்தது, எண்ணெய்க்குச் செம்பனை வந்தது, ஆள் குறைத்தார்கள், குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நாம் செனாவாங்குக்கு வந்ததும், நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனதும் அப்படித்தான். ஒன்றும் மாறாது என்று ஒருவன் வலிய வந்து சொன்னால், எது மாறப் போகிறது என்றுதான் அன்று முதல் நான் பார்ப்பேன்.

சிவப்பு போர்டு கடை நமக்குக் கிடைத்ததும் செனாவாங்கில்தான். செரம்பானில் ஒரு குடும்பம் ஒற்றைக் கடையாக ஆரம்பித்து, பிறகு ஊர் ஊராகத் திறந்தது. சம்பளம் போட்ட வாரம் மோட்டாரில் உன்னை முன்னால் உட்கார வைத்து, உன் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவேன். அவளுக்குக் கோழி என்றால் உயிர். ஆனால் வாயில் வைப்பதற்கு முன் ஒரு விசாரணை நடக்கும். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், இது இப்போது பொரித்ததா, காலையில் பொரித்ததா என்று கேட்பாள். கல்லாவில் நின்ற மலாய்ப் பையன் "பாரு, கக்காக், பாரு" என்று, புதுசுதான் அக்கா என்று, நெஞ்சில் கை வைத்துச் சொல்வான். நம்பின பிறகு அப்படி ஒரு சாப்பாடு சாப்பிடுவாள். தோலை மட்டும் உரித்துக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். அதை நீ திருடி, முதுகில் வாங்கிக்கொள்வாய். அவள் போன பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கு முதல் நாளும் அவள் படையலில் வடை, நெய்யுருண்டையோடு அந்தக் கடையின் தொடைத் துண்டும் இருக்கிறது. இலை போட்டு, படைத்து, விளக்கேற்றி, அவள் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். திறப்பதற்கு முன் நீதான் கதவைத் தட்டுவாய்.

அந்தக் கடையை உன் கம்பெனி வாங்கிவிட்டது என்று நீ சொன்னபோது எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். சித்திரை வாக்கில் பழைய போர்டு இறங்கி, பளபளவென்று புது போர்டு ஏறியது. கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பெயரில் மட்டுமே புதுமை, சுவையில் இல்லை என்று எழுதியிருந்தது. கிராணி பெட்டி மேல் ஏறி நின்ற மாதிரியே இருந்தது எனக்கு.

அந்த வாரமே காப்பிக்கடையில் பஞ்சாயத்து கூடிவிட்டது. லாரி ஓட்டி ஓய்ந்த முனியாண்டி, "அண்ணே, கோழி சுருங்கிருச்சுலா. முந்தி தொடை குடுத்தான், இப்ப புறாக் காலு குடுக்குறான்" என்றான். மலாய்க்காரர் பாக் மாட் ஹலால் சான்று இன்னும் சுவரில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருக்கிறது என்றார், ஆனால் அதன் கண்ணாடிச் சட்டம் புதுசாக இருக்கிறதாம். எண்ணெய் வாடை வேறு மாதிரி என்றார் ஒருவர். உப்பு கூடிவிட்டது என்றார் இன்னொருவர், குறைந்துவிட்டது என்றார் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். இந்தக் கச்சேரிக்குத் தலைமை யார்? உன் அப்பாதான். "நாக்குப் பொய் சொல்லாது. இது பழைய கோழியே இல்ல" என்று மேசையைத் தட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் நீ வீட்டுக்கு வந்தாய். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அப்பா, இன்னும் ஒன்னுமே மாத்தலப்பா. போர்டு மட்டுந்தான் மாத்துனோம். அதே மாவு, அதே எண்ணெய், அதே கோழி சப்ளையர். போர்டப் பாத்துட்டு நாக்கு மாறிருச்சா உங்களுக்கெல்லாம்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. இருந்தாலும் சிரித்தேன். தோற்றவன் சிரித்துவிட்டால் பாதி மானம் தப்பும். நீ அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆபீஸ்ல நான் இதைத்தான்ப்பா பிரசன்ட் பண்ணேன். மாத்துறோம்னு சொன்னா கொற சொல்லுவாங்க. சொல்லலன்னா சாப்ட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க. பாஸு கைதட்டுனாருலா."

மகனுக்குப் பெரிய இடத்தில் கைதட்டல் என்றால் எந்த அப்பனுக்குக் கசக்கும்? நானும் தலையாட்டினேன். ஆனால் நீ கிளம்பிப் போன பிறகு அந்த வார்த்தை வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. சொல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இதை ஜனங்களின் குறையாகச் சொன்னாயா, உன் கம்பெனிக்கு வழி காட்டினாயா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு புரட்டாசி வந்தது. நம் வீட்டில் புரட்டாசிக்குக் கவிச்சி கிடையாது. நம் வீடு என்ன, செனாவாங்கிலும் பக்கத்து ஊரான ராசாவிலும் பாதித் தமிழர் வீட்டில் அந்த மாதம் கோழிச்சட்டி கவிழ்ந்துதான் கிடக்கும். முனியாண்டிகூட அந்த ஒரு மாதம் கோயில் பக்கம் பார்த்து நடப்பான். புரட்டாசி கழிந்தும் நான் கோழி தொடவில்லை. உன் அம்மாவுக்குப் படைத்துவிட்டு அவள் இலையிலிருந்து எடுத்து முதல் வாய் வைப்பதுதான் என் வழக்கம்.

தீபாவளிக்கு முதல் நாள் நீ வந்தாய். கோழிப்பெட்டியை நீயே வாங்கி வந்தாய். படைத்தோம், கதவைச் சாத்தினோம், நீ தட்டினாய், திறந்தோம். நான் தொடைத் துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் காய்ந்த நாக்கு, கேட்க வேண்டுமா? உன் அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "சரோஜா, இதுதான் நீ சாப்ட்ட ருசி. கம்பெனி கைமாறியும் உன் மகன் மாற விடல பாரு."

நீ கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனாய். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. உன் இலையைப் பார்த்தேன். தோலை உரித்து ஓரமாக வைத்திருந்தாய். அம்மா ஞாபகத்தில் கடைசிக்கு வைத்திருக்கிறான் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. நீ திரும்பி வந்து இலையை அப்படியே மடித்துத் தூக்கிப் போட்டாய். தோலுக்காக அடி வாங்கியவன் தோலைக் குப்பையில் போட்டதை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீபாவளி முடிந்து ஒரு சாயங்காலம், அந்தக் கடையின் சமையல் பகுதியில் வேலை செய்கிற ஒரு பெண்ணைக் கோயிலில் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன், நீயும் கேட்காதே. உன்னை எனக்குத் தெரியும், உனக்கு மேலே இருப்பவர்களைத் தெரியாது. பேச்சுவாக்கில் உன் கடைக் கோழி இன்னும் பழைய மாதிரியே இருக்கிறது என்று அவளிடம் பெருமை பேசினேன். அந்தப் பிள்ளை முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அங்கிள், புது மாவு வந்து நாளாச்சு. புரட்டாசில வந்துச்சு. எங்க கடைக்கும் ராசா கடைக்கும்தான் மொதல்ல. வெளிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாங்க. நீங்களும் சொல்லிறாதீங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மோட்டாரை ஓட்டினேனா, அது என்னை ஓட்டியதா என்று தெரியவில்லை. கோலாலம்பூரில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிற உன் பாஸுக்குப் புரட்டாசி என்றால் என்னவென்று தெரியுமா? செனாவாங்கிலும் ராசாவிலும் பாதி வாடிக்கையாளர் அந்த மாதம் வர மாட்டார்கள், திரும்பி வரும்போது நாக்கு பழைய ருசியை மறந்திருக்கும், அந்தச் சந்தில் மாவை மாற்றிவிடலாம் என்று யார் சொல்லிக் கொடுத்தது? ஒருவேளை யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை, மாவு மூட்டை தற்செயலாக அந்த மாதம் வந்திருக்கலாம். நானும் அப்படித்தான் என் மனதைச் சமாதானப்படுத்திப் பார்க்கிறேன். முடியவில்லை. அந்த யோசனை தோன்ற வேண்டுமென்றால் புரட்டாசிக்குக் கவிச்சி தொடாத வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும்.

அதனால்தான் கருத்து எழுதினேன். என் மகனிடம் அப்பனாகக் கேட்டால் மழுப்புவான், வாடிக்கையாளனாகக் கேட்டால் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டேன். பதில் வந்தது. எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. அதுவும் எவ்வளவு மரியாதையாக! சின்ன வயதில் நீ அம்மாவை வா, போ என்றுதான் பேசுவாய். "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்று பன்மை வந்தால் அவள் உடனே அடுக்களையில் எது உடைந்தது என்று தேட ஆரம்பிப்பாள். தேடினால் ஏதாவது உடைந்துதான் இருக்கும். மதிப்பிற்குரிய திருமதி சரோஜா அவர்களே என்பதைப் படித்ததும் எனக்கும் அப்படித்தான் தேடத் தோன்றியது.

ஒரு நாளைக்கு நூறு பேருக்குப் பதில் போடுகிறவன், பெயரைக் கவனித்திருக்க மாட்டான் என்று ஒரு நாள் நினைத்துக்கொண்டேன். எத்தனை சரோஜா இல்லை இந்த நாட்டில்! மறுநாள், இதையெல்லாம் இப்போது இயந்திரமே அனுப்பிவிடுகிறதாம், பையன் பார்த்தே இருக்க மாட்டான் என்று முனியாண்டி சொன்னான். அவன் என்னைத் தேற்றச் சொன்னான் என்பது எனக்குப் புரிந்தது. அதற்கு அடுத்த நாள், நீ அந்தப் பெயரைப் பார்த்து, நம்பரையும் பார்த்து, கேட்பது யார் என்று தெரிந்தே அனுப்பியிருந்தால் என்று தோன்றியது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், தெரிந்து அனுப்பியிருந்தால்கூட ஒரு வகையில் தேவலை. அந்தப் பொய்யை அனுப்பும் முன் ஒரு தடவையாவது யோசித்திருப்பாய். அம்மாவின் பெயரைப் பார்த்தும் ஒன்றும் உறைக்காமல் அடுத்த ஆளுக்குப் போயிருந்தால், அதை நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாவு மாறியதில் எனக்குக் கோபம் இல்லை. உலகத்தில் மாறாத மாவு எங்கே இருக்கிறது? விலைவாசி ஏறுகிறது, கம்பெனி மாற்றுகிறது, பிடித்தவன் தின்னட்டும், பிடிக்காதவன் விலகட்டும். என் நாக்கு நாக்கே இல்லை என்பதும் நிரூபணம் ஆகிவிட்டது. மாறாதபோது மாறிவிட்டது என்று மேசையைத் தட்டினேன், மாறியபோது மாறவில்லை என்று சாமி முன்னால் சாட்சி சொன்னேன். காப்பிக்கடையில் இதைச் சொல்லி ஒரு வருஷம் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் நான் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "இல்லப்பா, மாத்திட்டாங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்கு எந்தக் கம்பெனி உன்னை வேலையை விட்டுத் தூக்கும்?

அன்று முதல் எனக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. நல்லா இருக்கேன்ப்பா என்கிறாய், நிஜமாகவே நன்றாக இருக்கிறானா என்று யோசிக்கிறேன். மண்டபத்துக்குச் சொல்லியாச்சுப்பா என்கிறாய், சொல்லியிருப்பானா என்று தோன்றுகிறது. ஷாலினி வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் என்கிறாய், யார் முகம் சுளித்ததை மறைக்கிறான் என்று கணக்குப் போடுகிறேன். கிராணியைச் சந்தேகப்பட்டால் தூக்கம் வரும். பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்டால் வருவதில்லை, தினேஷ்.

கல்யாணத்துக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறேன், அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆபீஸில் கைதட்டல் வாங்கிய அந்த வித்தையை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடு. ஷாலினி கெட்டிக்காரப் பெண். நீ சொன்னால் குறை சொல்வாள், சண்டை போடுவாள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். உன் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். அவள் குறை சொல்கிற வரைக்கும் அந்த வீடு என் வீடாக இருந்தது. சொல்லாமல் விட்டால் அவளும் சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். எங்கே போய்க்கொண்டே இருப்பாள் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொள்வாய்.

பதில் எழுதினால் மதிப்பிற்குரிய என்று ஆரம்பிக்காதே. அப்பா என்று ஆரம்பி. அதற்குக் கீழே நீ எழுதுவதை நம்புவதா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்கு முன், கவிச்சி ஆகாத வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து, நல்ல நாளாக ஒன்று குறித்திருக்கிறேன். தாலியோடு போனவள் நம் வீட்டுக்குப் பூவாடைக்காரி, அவளுக்குப் படைக்காமல் பந்தல் போடக் கூடாது என்பது உனக்குத் தெரியும். சேலை நான் எடுத்துவிட்டேன், அவளுக்குப் பிடித்த மாம்பழ நிறம். பூ ராசாவிலிருந்து வந்துவிடும். கோழி நீ வாங்கி வா, அதே கடையிலேயே வாங்கு. புது மாவாக இருந்தால் புது மாவாகவே இருக்கட்டும். இலையில் வைத்துவிட்டு, அம்மாவிடம் வாய் திறந்து சொல்: இது நீ சாப்பிட்ட கோழி இல்லை, மாற்றிவிட்டார்கள், எனக்குத் தெரியும் என்று. அது புரட்டாசியில் வந்தது எப்படி என்பதையும் சொல். உன் யோசனை இல்லை என்றால் இல்லை என்று சொல், அவள் கேட்டுக்கொள்வாள். பிறகு நாம் இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்துவோம். அவள் அதைச் சாப்பிட்டாளா, ஒதுக்கி வைத்தாளா என்பது அவள் பாடு.

நீ சொல்லும்போது நான் அறைக்குள் வர மாட்டேன், நடுவில் குறுக்கிட மாட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். அவளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல், ஐயா. எனக்கும் இப்போதெல்லாம் காது கொஞ்சம் மந்தம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் திருமதி சரோஜாவின் வீட்டுக்காரர்,
உன் அப்பா